நகராட்சியில் தலையீடு: 180 நாளா, 14 நாளா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் குப்பை வண்டி வராவிட்டால் நகராட்சியைத்தான் திட்டுகிறோம். அந்த நகராட்சியில் மாகாண அரசு கைவைத்தால், கேள்வி கேட்க வேண்டியது கேப்டவுனில் இருக்கும் நாடாளுமன்ற மேலவை: மாகாணங்களின் தேசிய அவை என்ற 90 பேர் சபை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவு இரண்டு விதமாகச் சொல்கிறது.

நகராட்சியின் பொறுப்பை மாகாணம் எடுத்துக்கொண்டால், 180 நாளுக்குள் மேலவை ஒப்புதல் தர வேண்டும். வாய் திறக்காவிட்டாலே தலையீடு முடிந்துவிடும்.

நகராட்சி மன்றத்தையே மாகாணம் கலைத்தால் கதை தலைகீழ். மேலவைக்கு அறிவிப்பு கிடைத்த 14 நாளுக்குள் மேலவையோ தேசிய அமைச்சரோ ரத்து செய்யாவிட்டால் கலைப்பு செல்லும். நாம் ஓட்டுப் போட்ட கவுன்சிலர் வீட்டுக்குப் போவார்.

முதல் வழிதான் நியாயம். அதில் தலையிட்ட மாகாண அரசே மேலவைக்குக் காரணம் சொல்லி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். இரண்டாவதில் மௌனமே சம்மதம். புதுத் தேர்தல் சீக்கிரம் வரட்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் பெரிய முடிவுக்கு இரண்டே வாரம் போதாது.