சாகர்டீஸ் கலங்கரை விளக்கம்: தங்கிப் பார்க்க வேண்டிய வீடு

ஹட்சன் ஆற்றோரம் எங்கே தங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது சாகர்டீஸ் கலங்கரை விளக்கத்தைத்தான். நியூயார்க் நகரிலிருந்து சுமார் 100 மைல் வடக்கே, எசோபஸ் ஓடை ஹட்சனில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. விருந்தினர்களுக்கு இரண்டே அறைகள், காலை உணவும் உண்டு.

வாசல் வரை கார் போகாது. சதுப்பு நிலத்தின் ஊடே அரை மைல் நடக்க வேண்டும். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி வந்த பிறகும் இங்கே ஆறு ஓதத்தோடு, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு, ஏறி இறங்குகிறது. ஏற்றம் அதிகமானால் பாதை முழுகிவிடும். அதனால் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும்.

எனக்கு இந்த வீட்டின் மீது பிரியம் வந்தது அதன் கதையால். சாகர்டீஸ் ஊர் 1830-களில் சுறுசுறுப்பான துறைமுகம். வரும் கப்பல்கள் பக்கத்து மணல் திட்டுகளில் தட்டாமல் ஓடைக்குள் நுழைய வழிகாட்ட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 5,000 டாலர் ஒதுக்கியது. 1835-இல் முதல் கலங்கரை விளக்கம் எழுந்தது. ஐந்து திமிங்கில எண்ணெய் விளக்குகள், பின்னால் குழிந்த பிரதிபலிப்பான்கள், அவ்வளவுதான் அதன் வெளிச்சம். இப்போதுள்ள செங்கல் வீடு 1869-இல் கட்டியது. பழையதன் அடித்தளம் இன்னும் அருகிலேயே கிடக்கிறது; அதைத் தேடிப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

புது வீட்டுக்கு ஃப்ரெனல் லென்ஸ் வந்தது, அதாவது விளக்கொளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் அடுக்குக் கண்ணாடி; அதில் ஆறாம் தரம். சிறிய வகைதான், ஆனால் ஆற்றுக்கு அது போதும். விளக்குக் காவலர்கள் குடும்பத்தோடு இங்கேயே வாழ்ந்தார்கள். 1954-இல் விளக்கு தானியங்கி ஆனதும் காவலருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பூட்டிய வீடு சிதிலமடைந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை: 1979-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள், 1986-இல் ஒரு பாதுகாப்பு அமைப்பு வாங்கிச் சீரமைத்தது, 1990 ஆகஸ்ட் 4 அன்று விளக்கு மறுபடி எரிந்தது. இன்றும் எரிகிறது. அரசு கைவிட்ட ஒரு கட்டடத்துக்கு ஓர் ஊர் இதைவிட என்ன செய்ய முடியும்!

சரி, வசதி எப்படி? பெரிய ஹோட்டல் சௌகரியத்தை எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். அறைகள் சின்னவை, பழைய வீட்டின் அமைப்பு அப்படி. எதிர்க்கரையில் ரயில் பாதை இருப்பதால் இரவில் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடித்தே இருந்தது. மேலே விளக்கறையில் நின்றால் ஆறு இரண்டு பக்கமும் நெடுந்தூரம் தெரியும். ஒரு காவலர் ஏன் அங்கே நின்றார் என்பது அந்த இடத்தில்தான் புரியும்.

இரண்டே அறைகள் என்பதால் பல மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.