ஸ்டீமர் பிளெண்டர் வாங்கி எட்டு மாசம் ஆச்சு, உள்ளதைச் சொல்றேன்

பையனுக்கு இப்ப 14 மாசம். அஞ்சரை மாசத்துலயே ஆர்வக்கோளாறுல காய வேகவெச்சு அதுலயே அரைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன், 140 சிங்கப்பூர் வெள்ளி, பிராண்ட் பேர் வேணாம். மாமியார் பாத்துட்டு "ஏம்மா, இட்லிப் பானை இருக்குல்ல"ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டாங்க, நான் காதுலயே வாங்கல.

ஆறு மாசம் முடிஞ்சு ஆரம்பிச்சோம். முதல் ரெண்டு மாசம் மெஷின் சூப்பர்தான், பொய் சொல்லக்கூடாது. பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துச்சு, ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீஸர்ல வெச்சிட்டா வேலைக்குப் போற நாள்ல ரெண்டு கட்டி எடுத்து சூடு பண்ணா போதும். ஆனா ராகியை ஊறவெச்சு அரைச்சு துணியில பால் புழியிறதுக்கெல்லாம் அது ஆகாது, அதுக்கு மிக்ஸி சின்ன ஜார்தான்.

தலைவலி மீன்ல ஆரம்பிச்சுது. இங்க எல்லாரும் குழந்தைக்கு குராவ் மீன்தான் சொல்வாங்க, டெக்கா மார்க்கெட்ல வாங்கிட்டு வந்து மெஷின்ல போட்டேன், பிளேடுக்கு அடியில இருக்கிற ரப்பர் வளையத்துல அந்த வாடை மூணு நாள் போகல. அப்புறம் ஒருநாள் வளையத்தை பல் குத்துற குச்சியால நெம்பி எடுத்துப் பாத்தா உள்பக்கம் கருப்பு கருப்பா பூஞ்சை! நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஈரம் எங்க காயுது. அன்னிலேருந்து ஒவ்வொரு தடவையும் கழட்டி கழுவி ஃபேன் கீழ காயவெச்சு, நேரம் மிச்சம்னு வாங்கினது அங்கயே போச்சு.

இதைவிடப் பெரிய விஷயம், அது நைஸாத்தான் அரைக்கும், கொரகொரப்பா நிறுத்தவே தெரியாது. எட்டரை மாசத்துல இன்ஃபண்ட் கேர்ல (கைக்குழந்தை காப்பகம்) கட்டி கட்டியா கஞ்சி குடுத்தா இவன் குமட்டுறான், டீச்சர் "வீட்டுல ரொம்ப அரைக்கிறீங்களா"ன்னு கேட்டாங்க. எட்டு மாச வாக்குல கையில எடுத்து சாப்பிடுற மாதிரியே குடுக்கலாமாம், நான் அப்பவும் கூழையே ஊட்டிட்டு இருந்தேன், தப்பு என்னோடதுதான். அப்புறம் பருப்பு மத்தால மசிச்ச சாதம், விரல் நீளத்துக்கு வெந்த கேரட், இட்லித் துண்டுன்னு மாத்தினேன். முதல் வாரம் குமட்டினான், எனக்கு உயிரே போச்சு, ஆனா குமட்டினா சத்தம் வரும், தொண்டையில முழுசா அடைச்சா சத்தமே வராது, இந்த வித்தியாசம் தெரிஞ்சப்புறம் கொஞ்சம் தைரியம். மூணு வாரத்துல சரியாயிட்டான்.

முட்டை நல்லா வேகவெச்சது, கடலை வெண்ணெய் ராகியில கரைச்சது, ரெண்டும் ஏழு மாசத்துலயே தனித்தனி நாள்ல காலையில கொஞ்சூண்டு குடுத்துப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் தொடவிடல, தேன்ல இருக்கக்கூடிய கிருமியால போட்டுலிசம்ங்கிற ஆபத்தான நோய் வரும்னு சொல்லி மாமியார்கிட்ட சண்டையே போட்டேன்.

எதுக்காவது காசு செலவு பண்ணணும்னா ஐக்கியா பிளாஸ்டிக் ஹை சேர் வாங்குங்க, பாத்ரூம்ல வெச்சு தண்ணி அடிச்சா முடிஞ்சுது. பையனுக்கு பத்து மாசம் ஆனப்புறம் மெஷினைத் தொடவே இல்ல. இப்ப பழைய சாமான் விக்கிற கரோசல் ஆப்ல 40 வெள்ளிக்குப் போட்டிருக்கேன், பொங்கோல்லேருந்து ஒருத்தவங்க கேட்டிருக்காங்க, ரப்பர் வளையம் புதுசா மாத்திக்கோங்கன்னு சொல்லித்தான் குடுக்கணும்.