3,500 ரூபாய் வேக்ஸ், மூன்று மாதம் கழித்து

பெங்களூரு ஹலசூர் ஏரிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற, காரை ஆழமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற டீட்டெய்லிங் கடையில் பிப்ரவரி கடைசியில் வண்டியை விட்டேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடைப் பேர் வேண்டாம். கருப்பு ஸ்விஃப்ட், ஏழு வயசு. எங்கள் அபார்ட்மென்டில் மூடின பார்க்கிங் கிடையாது, அதனால் வருஷம் முழுக்கத் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கும். அந்த மரத்தடியில் வண்டி விட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம், காய் விழுந்து நசுங்கினால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டும், மேலே காக்காயும் புறாவும் குடித்தனம்.

முதலில் செராமிக் கோட்டிங் (பெயின்டுக்கு மேல் போடுகிற கெட்டியான பூச்சு) பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். நான் அசையாததால் 3,500-க்கு இறங்கி வந்தார்கள்: ஃபோம் வாஷ், கிளே பார் (பெயின்டில் ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி), சீலன்ட், அதற்கு மேல் கார்னூபா வேக்ஸ்.

இதில் பணம் கொடுத்தது வீண் போகாத இடம் கிளே பார்தான். வேலை பார்த்தது தருமபுரிப் பையன். கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்ற பானட்டைக் காட்டி, "அண்ணா, இந்தக் கவருக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க" என்றான். வெறும் கைக்கு வழுவழுப்பாக இருந்த அதே இடம், மெல்லிசான பாலித்தீன் கவர் வழியாக உப்புத்தாளைத் தொடுகிற மாதிரி நறநறவென்றது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், மெட்ரோ வேலையின் சிமென்ட் தூசி, எல்லாம் பெயின்டில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஷாம்பூ போட்டால் போகாது. ஸ்ப்ரே அடித்து அடித்துக் கட்டியை முன்னும் பின்னுமாக இழுத்தான், நாலு இழுப்பில் அது காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை கை தவறிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போடுவான் என்று பார்த்தால், நேராகக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு பிரித்தான். தரை மண் ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் பெயின்ட் பூரா கோடு விழும், அதைத் தெரிந்த கை. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் இந்த வேலைக்கே போனது.

சீலன்ட், வேக்ஸ் இரண்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சீலன்ட் செயற்கை பாலிமர், பெயின்டைப் பிடித்துக்கொண்டால் நாலைந்து மாதம் தாங்கும். கார்னூபா பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கிற மெழுகு, கருப்பு வண்டிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி ஒரு களை கொடுக்கும், ஆனால் வெயிலில் கிடக்கிற வண்டியில் சில வாரத்தோடு சரி. என் வண்டியில் ஏப்ரல் பிறப்பதற்குள் அந்தக் களை போய்விட்டது.

இனி குறை. சீலன்ட் போட்டு ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, மேலே வேக்ஸையும் தேய்த்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சீலன்ட் பிடிக்கிற வரை, குறைந்தது ஒரு ராத்திரியாவது, தண்ணீர் படக்கூடாது என்று யாரும் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, தினமும் வண்டி துடைக்க வருகிறவர் வழக்கம்போல ஒரு வாளி தண்ணீரைக் கூரையில் ஊற்றிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, எனக்கே தெரியாதே. அதுவும் போர் தண்ணீர். 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் தெருவில் வண்டிக்கெல்லாம் போர் தண்ணீர்தான், அத்தனையும் சுண்ணாம்பு. வேக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதை வீடியோ எடுத்துப் போடுகிறோம், ஆனால் உப்புத் தண்ணீர் முத்து வெயிலில் அப்படியே காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம். கூரை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தேன், வளையம் போனது, கூரையில் இருந்த பூச்சும் பெரும்பாலும் கூடவே போனது.

கருப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் டேப் ஒட்டாமல் வேலை செய்ததால் வைப்பர் அடியிலும் கண்ணாடி ஓரத்திலும் வெள்ளைத் தீற்றல். பழைய பல் பிரஷ் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தேய்த்து எடுத்தேன்.

ஆனாலும் பானட்டும் கதவுகளும் இந்த மே மழையில் கூடத் தண்ணீரை உருட்டி விடுகின்றன. காக்காய் எச்சம் முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் பெயின்டில் தடம் பதித்துவிடும், இப்போது ஈரத்துணியில் வந்துவிடுகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று அந்தப் பையனுக்கு.

அடுத்த தடவை வேக்ஸ் வேண்டாம், சீலன்ட் மட்டும் இரண்டு கோட் போட்டு ராத்திரி கடையிலேயே நிறுத்தி வைக்க முடியுமா என்று ஓனரிடம் கேட்டேன். வேக்ஸ் காசைக் கழிக்க மாட்டாராம், ராத்திரி நிறுத்த 300 ரூபாய் தனியாம். கூரையை நினைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.