எனெம் தேர்வின் ஆங்கிலப் பகுதி: ஐந்து கேள்வியை எவ்வளவு நம்பலாம்?

பிரேசிலில் பள்ளி முடிக்கிற பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க எழுதுகிற எனெம் தேர்வில் மொத்தம் 180 கேள்வி. அதில் ஆங்கிலத்துக்கு ஐந்தே ஐந்து. இதற்குப் போய் ஒரு விமர்சனமா என்று தோன்றலாம். நான் இங்கே காம்பினாஸ் நகரத்தில் போர்த்துகீசியம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், வகுப்பில் அதிகம் பயன்படுத்துவது பழைய எனெம் தாள்களைத்தான், அதனால் இந்த ஐந்து கேள்வியோடு நல்ல பழக்கம். வேலை மாற்றலில் பிரேசிலுக்கு வந்து பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கிற நம்மூர்க் குடும்பங்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் விவரம். தேர்வு 1998இல் தொடங்கியது. நடத்துவது கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் இனெப். 2009இல் இப்போதைய 180 கேள்வி வடிவத்துக்கு மாறியது, அயல்மொழி அடுத்த வருஷம் 2010இல்தான் உள்ளே வந்தது. பதிவு செய்யும்போதே ஆங்கிலமா ஸ்பானிஷா என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் தாளில் இரண்டு மொழிக் கேள்விகளும் அச்சாகியிருக்கும், இரண்டுக்கும் 1 முதல் 5 வரை ஒரே எண்கள், எடுத்த மொழிக்கு மட்டும் விடை குறிக்க வேண்டும். (2016 வரைக்குமான தாள்களில் இவை 91 முதல் 95 வரை இருக்கும், பழைய தாள் இறக்குபவர்கள் முதல் பக்கத்தில் தேடிக் குழம்ப வேண்டாம்.) தேர்வு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி நேரத்தில் 90 கேள்வி, கூடவே முப்பது வரிக்குள் ஒரு கட்டுரை. பிரேசிலியா நேரப்படி பகல் ஒரு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் தாமதமாக மூச்சிரைக்க ஓடி வருபவர்களைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள், வருஷா வருஷம் நடக்கிற கூத்து அது.

சரி, கேள்விக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் இருப்பது படிக்க வேண்டிய பகுதி மட்டும்தான். செய்தித் துண்டு, கார்ட்டூன், விளம்பரம், கவிதை எதுவும் வரலாம். 2010இல் முதன்முதலாக வந்தபோதே ஒரு ராக் பாட்டின் வரிகள் இருந்தன. ஆனால் கேள்வியும், தேர்ந்தெடுக்க வேண்டிய ஐந்து விடைகளும் முழுக்கப் போர்த்துகீசியத்தில். கேட்டு எழுதுவது, பேசுவது, கட்டுரை எதுவும் ஆங்கிலத்தில் கிடையாது. படித்துப் புரிகிறதா, அவ்வளவுதான் சோதனை.

ஆங்கிலத் தேர்வில் கேள்வி தாய்மொழியிலா என்று நமக்கு முதலில் சிரிப்பு வரும். இதற்குப் பின்னால் இங்கே பெரிய கதை இருக்கிறது. 1970களின் கடைசியில் சாவோ பாவுலோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், மரியா அந்தோனியெத்தா செலானி தலைமையில், 'இங்கிலேஸ் இன்ஸ்த்ருமென்டால்' என்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவருக்கு உடனடியாக வேண்டியது தன் துறைக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வது, பேச்சு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் நோக்கம். தாய்மொழியை வகுப்பிலிருந்து விரட்டவில்லை. தலைப்பு, படம், எண்கள், இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள், இவற்றைப் பிடித்துக்கொண்டு பாதி தெரியாத பக்கத்திலிருந்தும் விஷயத்தை எடுக்கப் பழக்கினார்கள். 1998இல் வந்த தேசியப் பாடத்திட்ட வழிகாட்டியும் அயல்மொழியில் வாசிப்புக்குத்தான் முதலிடம் கொடுத்தது. வகுப்பில் அத்தனை கூட்டம், ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம், இதில் பேசவும் பழக்குவது நடக்காத காரியம் என்ற யதார்த்தம் அதில் இருந்தது. எனெமின் ஐந்து கேள்வியைப் பார்த்தால் அந்த மரபின் கைரேகை நன்றாகவே தெரிகிறது.

எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம், விடையைப் பத்தியிலிருந்து உருவ முடியாது என்பதுதான். தமிழ்நாட்டில் நாம் எழுதிய ஆங்கிலத் தாளை நினைத்துப் பாருங்கள். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேட வேண்டியது, அது இருக்கிற வரியை அப்படியே இறக்கி வைக்க வேண்டியது, முழு மதிப்பெண். பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் விழிப்போம். இங்கே பத்தி ஒரு மொழி, விடை இன்னொரு மொழி, நடுவில் மண்டைக்குள் ஏதாவது நடந்தே தீர வேண்டும். தப்பாக எழுதினால் கேள்வி புரியாமலா பத்தி புரியாமலா என்ற குழப்பமும் எனக்கு இல்லை.

ஆனால் இந்த ஓட்டையை அடைத்ததில் வேறொரு ஓட்டை திறந்திருக்கிறது. வகுப்பில் நான் செய்து பார்ப்பது ஒன்று உண்டு: ஆங்கிலப் பத்தியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, கேள்வியையும் ஐந்து விடைகளையும் மட்டும் படித்துப் பதில் சொல்லச் சொல்வேன். குருட்டு யூகம் என்றால் ஐந்தில் ஒன்றுதான் சரியாக வர வேண்டும். வீட்டில் பத்திரிகையும் நாவலும் படிக்கிற பிள்ளைகள் அதைவிட நன்றாகவே சொல்கிறார்கள், ஒரு ஆங்கிலச் சொல்லைக்கூடப் பார்க்காமல்! காரணம் ரொம்ப எளிது. இன்ன பிரச்சினையைப் பற்றிய செய்தி, இன்னாருடைய கருத்து என்று பாதிக் கதையைக் கேள்வியே போர்த்துகீசியத்தில் சொல்லிவிடுகிறது. அப்புறம் விடைகளைப் பார்த்தால் ஒன்று அதீதமாக இருக்கும், ஒன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும், ஒன்று மட்டும் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேற்றலாம் என்பது போல நல்ல பிள்ளையாக இருக்கும், பன்முகத்தன்மையை மதிக்க வேண்டும், நுகர்வுப் பழக்கத்தை யோசிக்க வேண்டும் என்கிற ரகம். அதைக் குறித்துவிட்டால் பல சமயம் தப்பில்லை. எல்லாக் கேள்வியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கார்ட்டூன் கேள்விகளில் இந்த வித்தை பலிக்காது, கடைசிக் கட்டத்தில் இருக்கும் அந்த ஒரு வரி புரியாமல் எது நகைச்சுவை என்று யாரும் ஊகிக்க முடியாது. அதனால்தான் யாருக்கு உண்மையிலேயே ஆங்கிலம் தெரியும் என்று பார்க்க நான் கார்ட்டூன் கேள்விகளைத்தான் நம்புகிறேன்.

கார்ட்டூன் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், போர்த்துகீசியம் பேசுகிறவர்களுக்கு எது கஷ்டம் என்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறு. மக்கள்தொகை, விளைவு, குறைப்பு, ஆய்வு, பல்கலைக்கழகம் இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் நீளமான சொற்கள் லத்தீன் வழியில் வந்தவை, அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கின்றன. அதனால் இதயநோய் பற்றிய ஆய்வுச் செய்தியைக் கொடுத்தால் ஒரு சுமாரான மாணவன்கூட ஓரளவு கரை சேர்ந்துவிடுவான். அதே பையனிடம் மூன்று கட்டக் கார்ட்டூனைக் கொடுங்கள், அதில் ஒருத்தி 'ஐ கிவ் அப்' என்கிறாள், அவ்வளவுதான், யாருக்கு என்ன கொடுத்தாள் என்று தேட ஆரம்பித்துவிடுவான். 'கெட்', 'டேக்', 'புட்' மாதிரி குட்டிச் சொற்களோடு இன்னொரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது. (தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே தூரம்தான், இந்தக் குறுக்குவழி நமக்குக் கிடையாது.) ஆகவே சின்னச் சொல், சின்ன வாக்கியம் என்றால் எளிது என்று நினைத்துப் பயிற்சித்தாள் தயாரிப்பவர்கள் பிரேசிலில் ஏமாந்துபோவார்கள்.

பொதுச் சொற்களை நம்பியே ஓடுபவர்களுக்குக் குழியும் உண்டு. 'பேரன்ட்ஸ்' என்பதைப் பார்த்தால் இவர்களுக்கு உறவினர்கள் என்றுதான் தோன்றும், 'ப்ரிடெண்ட்' என்றால் உத்தேசிப்பது, 'புஷ்' என்று எழுதிய கதவையோ பிடித்து இழுப்பார்கள். தவறான விடைகளில் இந்தக் குழிகளை வைத்திருந்தால் அது நல்ல கேள்வி, யார் பார்த்துப் படித்தார்கள், யார் மேலோட்டமாக ஓடினார்கள் என்று பிரித்துக் காட்டிவிடும். நல்ல எனெம் கேள்விகள் இதைச் செய்கின்றன.

எனக்குக் கடுப்பு வருவது மதிப்பெண் விஷயத்தில். ஆங்கிலத்துக்கு என்று தனி எண்ணே வராது. போர்த்துகீசியம், இலக்கியம், கலை, உடற்கல்வி எல்லாம் சேர்ந்த 45 கேள்வி மொழிப் பகுதிக்குள் இந்த ஐந்தும் கரைந்து ஒரே மதிப்பெண்ணாக வெளிவரும். அதுவும் எத்தனை சரி என்ற எண்ணிக்கை அல்ல. டிஆர்ஐ என்று ஒரு கணக்கு முறை: ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு கடினம், நன்றாகப் படித்தவரை மற்றவரிடமிருந்து எவ்வளவு பிரிக்கிறது, யூகத்தில் சரியாக வர எவ்வளவு வாய்ப்பு என்று மூன்று அளவு வைத்திருப்பார்கள். 2009இல் தேர்வு எழுதிய அரசுப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் சராசரியை 500 என்று வைத்து மற்ற எல்லாரையும் அதோடு ஒப்பிடுவார்கள். சுலபமானதைத் தப்பவிட்டுக் கடினமானதைச் சரியாகக் குறித்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு குறைவாகத்தான் தரும். 45 கேள்விக்கு இது நியாயமான முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பானிஷ் எடுத்தவரும் ஆங்கிலம் எடுத்தவரும் வெவ்வேறு ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு ஒரே அளவுகோலில் நிற்கிறார்கள், பையனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதிலே இல்லை.

பதில் இல்லாததன் விலையை இந்த நாடு ஒரு முறை கொடுத்தும் இருக்கிறது. 2011இல் 'சியென்சியா செம் ஃப்ரொன்டெய்ராஸ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தில் மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். மொழித் தொல்லை இல்லை என்று ஏகப்பட்ட பேர் போர்ச்சுகலைத் தேர்ந்தெடுக்க, 2013இல் இளநிலை மாணவர்களுக்கான பட்டியலிலிருந்து போர்ச்சுகலையே தூக்கிவிட்டார்கள். 2014இல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த நூற்றுச் சொச்சம் பேரை, ஆங்கிலம் போதவில்லை என்று திரும்பி வரச் சொன்னார்கள். இதற்கு நடுவே ஆங்கிலத்துக்கென்று தனித் திட்டம் வந்து, கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் டோஃபெல் ஐடிபி என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இலவசமாகவே நடத்தினார்கள்.

அந்த ஐடிபியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வாசிப்புக்கு மட்டும் 55 நிமிஷத்தில் 50 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில், மதிப்பெண்ணும் தனியாக 31 முதல் 67 வரை. பத்தியை மறைத்துவிட்டுப் பதில் சொல்லும் விளையாட்டு இங்கே கஷ்டம். பத்திகள் பாடப்புத்தக நடை, அதனால் லத்தீன் சொல் வசதி பிரேசில் பிள்ளைகளுக்கு நன்றாகவே கைகொடுக்கும். வாசிப்பில் நல்ல எண் வாங்கிவிட்டுக் கேட்டலில் சரிந்துவிழும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால் தாள் வெளியே வராது, எதைத் தப்பாக எழுதினோம் என்று உட்கார்ந்து பார்க்க முடியாது, படிப்பிக்க உதவாது. இரண்டையும்விட எனக்குப் பிடித்தது முதுநிலைப் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் வைக்கிற வாசிப்புத் தேர்வு: அகராதி வைத்துக்கொள்ளலாம், துறைக் கட்டுரை ஒன்றைப் படித்து விடையைப் போர்த்துகீசியத்தில் சொந்தமாக எழுத வேண்டும். திருத்துகிறவருக்குத்தான் உயிர் போகும்.

தனியார் மாதிரித் தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் மாதச் சந்தா கட்டி ஒரு பயிற்சி மையத்தின் கேள்வி வங்கியை வாங்கினேன், பெயர் வேண்டாம். பாதிக் கேள்விகளில் பத்தியின் சாரத்தையே கேள்வியில் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள், சிலவற்றில் இரண்டு விடை சரி, விளக்கம் கேட்டால் விடைத்தாளைப் பார்க்கவும் என்று பதில். காசு வீண். இனெப் தளத்தில் பழைய தாள்களும் விடைக்குறிப்பும் இலவசமாகவே இருக்கின்றன. சிறையில் இருப்பவர்களுக்குத் தனியாக நடத்தும் எனெம் பிபிஎல் தாள்களும் அங்கேயே கிடைக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை, அதையும் சேர்த்தால் பயிற்சிக்குக் கேள்விப் பஞ்சமே வராது. தேர்வுக் கட்டணம் சில வருஷமாக 85 ரெயாய்ஸ், அரசுப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு அதுவும் இல்லை.

என் மதிப்பீடு: வகுப்பில் பயிற்சிக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு மாணவரின் ஆங்கில வாசிப்பை அளக்க ஐந்துக்கு இரண்டு, அதுவும் கார்ட்டூன்களுக்காக.

ஆங்கிலமா ஸ்பானிஷா என்று குழம்புகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு: ஸ்பானிஷ் பக்கத்து மொழி, படிக்காமலே வரும் என்று நம்பிப் போகாதீர்கள், அங்கேயும் பார்க்க ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களை வைத்துத்தான் மடக்குவார்கள். நம்மூர்க் குடும்பங்களுக்கு வேறு எச்சரிக்கை. உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தி தண்ணீர்பட்ட பாடு, கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தையே எடுக்கட்டும், ஆனால் மதிப்பெண் போவது போர்த்துகீசியத்தில் எழுதியிருக்கும் அந்த ஐந்து விடைகளில்தான். 'கண்டிக்கிறார்', 'கேள்விக்குள்ளாக்குகிறார்', 'அம்பலப்படுத்துகிறார்', 'எச்சரிக்கிறார்' என்று வரிசையாக நிற்கும், நாலுக்கும் போர்த்துகீசியத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் பத்தி புரிந்தும் பயனில்லை. தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே உள்ளூர் நாளிதழின் கருத்துப் பக்கத்தைத் தினமும் ஒன்று படிக்க வையுங்கள், ஆங்கிலத்துக்கு டியூஷன் வைக்கிற காசு மிச்சம்.