அதே உயரமா, பெரிய வீலா?

ஃபோர்வீல் டிரைவ் வண்டிக்கு வெளிச்சந்தை வீல் மாட்டுவதே சட்டவிரோதம் என்று பலர் பயப்படுகிறார்கள். வீலை விட அளவுதான் பெரும்பாலும் சிக்கல்.

கம்பெனி தந்தது 265/65 ஆர்17 என்று வைத்துக்கொள்வோம்; அதாவது டயர் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65%, வீல் விட்டம் 17 அங்குலம். டயரோடு உயரம் 776 மி.மீ. 18 அங்குல அலாயில் 265/60 போட்டால் 775. ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது) பழையதே என்றால், வீலின் பின்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும் சுமைத்திறனை மட்டும் பாருங்கள். அது ஆக்சிலுக்கு அனுமதித்த எடையில் பாதிக்குக் குறைந்தால் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு வழி, 285/70 ஆர்17. பார்க்க கம்பீரம்தான். ஆனால் உயரம் 831. முள் முன்பு துல்லியமாக இருந்திருந்தால், இப்போது 100 காட்டும்போது வண்டி 107-ல் ஓடும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது ஐ.நா. ஒழுங்குமுறை 39. அப்புறம் ஆஃப்செட்டை 30-லிருந்து 0 ஆக்கினால் ஒவ்வொரு வீலும் 30 மி.மீ. வெளியே வரும். மட்கார்டைத் தாண்டும் டயரைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு முதலாவதற்கே. பெரியதுதான் வேண்டுமென்றால், மாட்டும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.