நூலகப் பணியாளருக்கு ஓப்பன்ரிஃபைன்: லைப்ரரி கார்பென்ட்ரி பாடம் எப்படி?

நூலகப் பணியாளருக்கு இணையத் தொழில்நுட்பப் பயிற்சி என்றால் இரண்டு நாள் ஸ்லைடு ஓட்டிச் சான்றிதழ் கொடுப்பது என்றே பல இடங்களில் ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளில் பாதியை லைப்ரரி கார்பென்ட்ரியின் ஓப்பன்ரிஃபைன் பாடத்துக்கு ஒதுக்குங்கள். ஓப்பன்ரிஃபைன் என்பது ஒழுங்கற்ற பட்டியல் தரவைச் சுத்தம் செய்யும் இலவச நிரல். 2015-இல் லண்டனில் ஜேம்ஸ் பேக்கர் தொடங்கிய பாடத்திட்டம் லைப்ரரி கார்பென்ட்ரி. 2018-இல் கணினி, தரவுத் திறன்களைக் கற்பிக்கும் தி கார்பென்ட்ரீஸ் அமைப்பின் கீழ் வந்தது. பாடங்கள் இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்து மாற்றி நடத்தலாம். யூனிக்ஸ் ஷெல் (கட்டளை வரி), கிட் (கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைப்பது), எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) பாடங்களும் இருக்கின்றன. முதல் பயிற்சிக்குக் கிட் வேண்டாம். மறுநாள் மேசைக்குத் திரும்பினால் அதற்கு வேலை இருக்காது. ஓப்பன்ரிஃபைனுக்கு இருக்கும். ஒரே ஆசிரியர் பெயர் நாலு விதமாகக் கிடக்காத கேட்டலாக் ஏது?

நடத்துபவர் திரையில் ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட, எல்லோரும் கூடவே செய்வதுதான் முறை. மடிக்கணினியின் மேல் இரண்டு நிற ஒட்டுத்தாள்: ஒன்று முடிந்தது என்பதற்கு, மற்றது உதவி வேண்டும் என்பதற்கு. கை தூக்கக் கூச்சப்படும் மூத்த பணியாளர்களுக்கு இது பெரிய வசதி.

நிறுவுவதில் ஒரு குழப்பம் கட்டாயம் வரும். நிரல் உலாவியில் திறப்பதால் இணையத்தில் ஓடுவதாக எண்ணிவிடுகிறார்கள். தரவு வெளியே போவதில்லை. உங்கள் கணினியிலேயே 127.0.0.1:3333 என்ற முகவரியில் ஓடுகிறது. பின்னால் நிற்கும் கறுப்புச் சாளரத்தை மூடினால் எல்லாம் நின்றுவிடும். தானாகச் சேமிப்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான். அதனால் அந்தச் சாளரத்தில் கன்ட்ரோல்-சி அழுத்தியே வெளியேறச் சொல்லுங்கள்.

பாடத்தின் உச்சம், வலைச் சேவையிலிருந்து தரவை இழுக்கும் பகுதி. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை, ஆய்விதழ் விவரங்களைத் தொகுத்துவைத்திருக்கும் கிராஸ்ரெஃப் சேவைக்கு அனுப்பினால், பதில் அடைப்புக்குறி மயமான ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு கட்டத்துக்குள் வந்து விழும். அதிலிருந்து இதழின் பெயரை மட்டும் ஒரு வரிக் கட்டளையால் பிரித்தெடுக்கிறோம். ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) என்றால் என்ன என்று மணிக்கணக்கில் விளக்க வேண்டிய தேவை அங்கே தீர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு வரிக்கு நட்சத்திரமிட்டு அதை மட்டும் இழுக்கப் பாடம் சொல்கிறது. அதை மீறாதீர்கள். கோரிக்கைகளுக்கிடையே இயல்பான இடைவெளி 5,000 மில்லிவினாடி. பாடத்தோடு வரும் மாதிரிக் கோப்பின் 1,001 வரிகளையும் இழுக்கவிட்டால் 83 நிமிடம் வரை ஆகலாம்.

குறை எங்கே என்றால், மாதிரித் தரவு முழுக்க ஆய்விதழ்க் கட்டுரைகள். தமிழ்ப் பெயர்கள் தரும் சிக்கல் எதையும் அது தொடுவதில்லை. ஒத்த பெயர்களைக் கூட்டமாகச் சேர்த்துக்காட்டும் கிளஸ்டர் வசதியின் ஃபிங்கர்பிரின்ட் முறை நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களைப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி ஒப்பிடுகிறது. ‘கா. சு. முருகன்’, ‘முருகன், கா. சு.’ இரண்டும் சேர்ந்துவிடும். இடைவெளி இல்லாத ‘கா.சு.முருகன்’ புள்ளி போனதும் ஒரே சொல்லாகி ஒதுங்கி நிற்கும். முதலில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் இடைவெளி சேர்த்து, மிகையான இடைவெளிகளை நீக்கிவிட்டுக் கிளஸ்டர் போடுங்கள். மறுபக்கம், ‘சு. கா. முருகன்’ என்ற வேறொருவரையும் அது இதே கூட்டத்தில் சேர்த்துவிடும், அடுக்கிய பின் இரண்டும் ஒன்றுதானே. எல்லாவற்றையும் தேர்ந்து ஒன்றாக்கும் பொத்தானைத் தமிழ்ப் பெயர்களில் தொடவே கூடாது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்பதன் குறியை ஒரே யூனிகோடு குறியெண்ணாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் தட்டலாம். ஒரு பத்தியில் உள்ளவற்றைத் தொகுத்துக்காட்டும் டெக்ஸ்ட் ஃபேசட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுக்க கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்க வழியில்லை. யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனியாக இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கொண்டுவர வேண்டும்.

பெரிய குறை: சுத்தம் செய்த தரவை ஏற்றுமதி செய்வதோடு பாடம் நின்றுவிடுகிறது. அதைக் கேட்டலாக்கில் திரும்ப ஏற்றுவதுதான் உண்மையான வேலை, ஆபத்தும் அங்கேதான். கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் மார்க் (கேட்டலாக்கின் பொது வடிவம்) பதிவுகளை முழுமையாக ஏற்றுமதி செய்து, அவற்றைத் திருத்தும் நிரலான மார்க்எடிட்டின் ஓப்பன்ரிஃபைன் பரிமாற்றக் கருவி வழியே கொண்டுபோய், அதே வழியில் திருப்புங்கள். இதில் ஒரு வரி என்பது ஒரு பதிவு அல்ல, ஒரு புலம் (ஆசிரியர், தலைப்பு போன்ற ஒரு விவரம்). வரிகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். ஆசிரியர், தலைப்பு என்று இரண்டு பத்தி மட்டும் எடுத்துத் திருத்தி அதையே பதிவாக ஏற்றினால், பழைய பதிவின் மற்ற புலங்கள் போய்விடும். மேலெழுதுவது முழுப் பதிவையும்தான். கோஹாவில் ஏற்றும்போது, அது தன் பதிவு எண்ணை வைத்திருக்கும் 999 புலத்தின் சி துணைப்புலத்தை வைத்துப் பொருத்த விதி ஒன்றை முன்பே உருவாக்கித் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்பிஎன் பொருத்தத்தை நம்ப முடியாது, பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. விதி இல்லாமல் ஏற்றினால் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டாவது பதிவு முளைக்கும்.

இந்தப் பகுதியை நடத்துபவரே எழுதிச் சேர்க்க வேண்டும். காலையில் மாதிரிக் கோப்பில் பாடம், மதியம் சொந்தக் கேட்டலாக்கிலிருந்து இருபது பதிவுகள், அதுவும் சோதனைக்கென நிறுவிய கோஹாவில். அப்படி நடத்த முடிகிற நூலகத்துக்கு இதைவிடப் பயனுள்ள இலவசப் பயிற்சி வேறில்லை. சோதனைக் கோஹாவை அமைத்துத்தர ஆளில்லை என்றால், ஏற்றும் பகுதியை விட்டுவிட்டு, கிளஸ்டர் காட்டும் பெயர்ப் பிழைகளைப் பட்டியலாக எடுத்துக் கேட்டலாக்கில் கையால் திருத்துங்கள்.