செஸ்னா 172 விமானத்துக்குக் கட்டுப்படியாகும் ஹெட்செட் எது?

சிறு விமானத்தின் இரைச்சலில் பெரும்பங்கு எஞ்சினும் புரொப்பெல்லரும் எழுப்பும் தாழ்ந்த உறுமல். ஏ.என்.ஆர். (இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும்) சுற்று அடக்குவது அதைத்தான். கீச்சென்ற உயர் ஒலிகளைக் காதுறையின் மெத்தைதான் தடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தையைத் தூக்கினால் இரைச்சல் அந்த இடுக்கில் புகுந்துவிடும். காம்பு மெல்லியதாக இருக்கட்டும்.

போஸ் ஏ30 அருமையானது, சுமார் 400 கிராம். ஆனால் விலை 1,000 டாலருக்கு மேல். டேவிட் கிளார்க் டிசி புரோ-எக்ஸ் காதை மூடாமல் காதின் மேல் அமர்வது, சுமார் 210 கிராம்தான். நீண்ட பயணத்தில் உச்சந்தலை வலிக்காது. பேட்டரி தீர்ந்தால் இதன் தடுப்பு வெகுவாகக் குறையும். மாற்று ஏஏ பேட்டரிகள் அவசியம்.

எப்போதாவது ஏறும் பயணிக்கு ஏ.என்.ஆர். வேண்டியதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பேட்டரியே இல்லாத டேவிட் கிளார்க் எச்10-13.4 அவர்களுக்குத் தாராளம்: 23 டெசிபல் தடுப்பு, ஏ30 விலையில் பாதிக்கும் குறைவு. இறுக்கம் மட்டும் சற்று அதிகம்.

வாங்குமுன் பிளக்கைப் பாருங்கள். செஸ்னாவுக்கு இரட்டை பிளக். ஹெலிகாப்டரின் ஒற்றை பிளக் பொருந்தாது. ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் ஹெட்செட் பழுதென்று திருப்பி அனுப்பாதீர்கள். இன்டர்காம் (விமானத்துக்குள் பேச உதவும் கருவி) மோனோவாக இருக்கும், ஸ்டீரியோ-மோனோ சுவிட்சை மாற்றினால் போதும். மைக் உதட்டிலிருந்து அரை சென்டிமீட்டரில் இருக்கட்டும். தள்ளி வைத்தால் ஸ்குவெல்ச்சை (எவ்வளவு சத்தத்துக்கு மைக் திறக்க வேண்டும் என்ற அளவை) குறைக்க நேரும், பிறகு எஞ்சின் சத்தமே மைக்கைத் திறந்துகொண்டிருக்கும்.